தைல மரத்தடியில் பெண் பார்த்தது

எனக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சிழுப்பு. எங்கள் வீடு மதுரை ரோட்டை ஒட்டி, அப்பாவின் லாரி ஷெட்டுக்குப் பின்னால் இருந்தது. லாரிப் புகைக்கு மாற்றாக அப்பா வேலியோரம் வரிசையாகத் தைல மரக் கன்றுகளை நட்டார். தலைவலித் தைலம் அதிலிருந்துதானே எடுக்கிறார்கள், அந்தக் காற்று நெஞ்சுக்கு நல்லது என்பது அவர் நினைப்பு. மரங்கள் என்னைவிட வேகமாக வளர்ந்தன.

அறுபதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம், வடமதுரையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். இழுப்பைப் பற்றி அவர்களிடம் யாரும் மூச்சுவிடவில்லை. வந்த இடத்தில் அது தலைகாட்டிவிடக் கூடாதே என்று அம்மா, நாற்காலிகளைத் தைல மரத்தடியில் போடச் சொன்னார். மத்தியானம்தான் நல்ல நேரமாக அமைந்தது. ஓர் இலை ஆடவில்லை. காலையிலிருந்து ஷெட்டில் லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன. தூரத்தில் சிறுமலை நீலப் புகைக்குள் பாதி மறைந்திருந்தது.

காப்பித் தட்டோடு போனேன். தைல வாசனையோடு ஏதோ காரமாக மூக்கில் ஏறியது. தட்டை நீட்டும்போதே நெஞ்சு விசிலடித்தது. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

"பொண்ணுக்கு இழுப்பா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அதெல்லாம் இல்ல மதினி. செத்த நேரம் வெயில்ல நின்னுச்சு, அம்புட்டுத்தான்," என்றார் என் அம்மா.

சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். சொல்லி அனுப்பவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. அவரோ மரங்களுக்கு இன்னும் அதிகமாகத் தண்ணீர் விட்டார்.

வெகுகாலம் கழித்து ஒரு வாரப் பத்திரிகையில் படித்தேன். மரங்கள் வெயிலில் ஒருவித ஆவியை வெளிவிடுகின்றனவாம். தைல மரம் கூடுதலாக விடும். வண்டிப் புகையோடு அது கலந்து, வெயிலும் காய்ந்தால் ஓசோன் உண்டாகிறது. நெஞ்சை அறுக்கும் வாயு அது. மலைமேல் தெரியும் நீலப் புகையிலும் மரங்களுக்குப் பங்குண்டாம். அன்று என்னைப் பிடித்தது அதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். வெறும் லாரிப் புகையாகவும் இருக்கலாம்.

ஆனால் படித்து முடித்ததும் அந்த மத்தியானம் முழுதாகத் திரும்பி வந்தது. மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தார். அவருடைய அப்பா துண்டால் வாயைப் பொத்தி இருமினார். என்னைக் கேள்வி கேட்ட அந்த அம்மாவும் கேட்பதற்கு முன் தொண்டையைச் செருமினார். அந்தக் காற்று எல்லோரையும்தான் பிடித்தது. வெட்கப்பட்டவள் நான் ஒருத்தி. இவ்வளவும் தெரிந்த பிறகும், தைல வாசனை வந்தால் என் தலை தானாகக் குனிந்துவிடுகிறது.