ஐடனி மூட்டிய தீ

ஹார்ல்பரிக் கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி ஐடனிக்கு ஒரு குடிசையும் கொஞ்சம் நிலமும் இருந்தன. வரி, குத்தகை எதுவும் கிடையாது. அதற்குப் பதிலாக, ராஜா கோட்டைக்கு வரும் நாளில், அவர் தங்கும் அறையில் அவள் கையால் தீ மூட்டித் தர வேண்டும். தவறினால் நிலம் போய்விடும். அம்மா வழியில் வந்த உரிமை அது. ராஜாவுக்கு ஊர் ஊருக்குக் கோட்டை. வருஷக்கணக்காக இந்தப் பக்கம் அவர் எட்டிப் பார்க்கவில்லை. ஐடனியும் முட்டைக்கோசு பயிரிட்டு, இரண்டு புருஷன்களை அடக்கம் செய்து, ஊர்வம்பு பேசிக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்தாள்.

கோட்டை மணியக்காரர் ஜெர்வேஸுக்கு அந்த நிலத்தின் மேல் ஒரு கண். மைத்துனனுக்கு வாங்கித்தர ஆசை.

ஒரு நவம்பரில், வேட்டைக்குப் போன ராஜா மழையில் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். ஐடனி விறகும் கையுமாக ஓடினாள். தீ நன்றாகத்தான் பற்றியது. புகைதான் மேலே போகவில்லை. இத்தனை வருஷமும் காக்கைகள் புகைபோக்கிக்குள் கூடு கட்டிக் குடித்தனம் நடத்தியிருந்தன. ராஜா, நாய்கள், ஐடனி எல்லாரும் இருமிக்கொண்டே முற்றத்துக்கு ஓடிவந்தார்கள். ஜெர்வேஸ் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டித் தீயை அணைத்தார்.

“ராஜா அறையில தீ இல்ல. உன் நிலமும் போச்சு, ஐடனி,” என்றார். வாயெல்லாம் பல்.

“அணைச்சது நீரு! புகைபோக்கியச் சுத்தம் பண்ணவேண்டியதும் நீருதான்!”

“முறைன்னா முறைதான்.”

நிலம் போனால் ஐடனிக்குக் குடிசையும் இல்லை. இந்த வயதில் எங்கே போவாள்? ஆனால் பக்கத்தில் ராஜா வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“மகராசா, இப்படியே நின்னா சளி பிடிச்சுக்கும். என் வீடு இந்தா இருக்கு, வாங்க. உள்ள ஒரு பன்னி படுத்திருக்கும், ஒண்ணும் செய்யாது.”

ராஜா சிரித்துக்கொண்டே பின்னால் போனார். ஐடனி அடுப்புச் சாம்பலை வழித்துப் புதிதாகத் தீ மூட்டினாள். சூடாகப் பட்டாணிக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். ராஜா காலணியைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார். பன்றி நகர்ந்து இடம் விட்டது.

நனைந்த விறகுக்கட்டோடு ஜெர்வேஸ் வாசலில் வந்து நின்றார். “மகராசா, வேற அறை தயார் பண்ணச் சொல்லிட்டேன்.”

“வேண்டாம்யா. இன்னிக்கு நான் தங்கற அறை இதுதான். தீ மூட்டினது யாருன்னு நீயே பார்த்துக்கோ.”

ஜெர்வேஸ் தீயைப் பார்த்தார், ஐடனியைப் பார்த்தார்.

“வந்ததுதான் வந்தீரு,” என்றாள் ஐடனி, “அந்த விறகை இப்படி அடுப்போரமாப் போடும். காயட்டும்.”