பயன்பாட்டில் உள்ளது

நவம்பர் 16, ஞாயிறு, பிற்பகல் 1:40. ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளக் கணினி அறை. ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து தரவு சேமிக்கும் பொதுவட்டில் மீதமிருந்த இடம் இருபது ஜிகாபைட்.

கீழே வரும் நேரங்கள் எல்லாம் கணினிப் பதிவுகளில் இருப்பவை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் அந்த அறையில் இருந்தேன்.

அந்த வட்டில் யாருக்கு எவ்வளவு இடம் என்று பார்த்துக்கொள்வது என் வேலை. அதனால் எனக்கு 'வீட்டுக்காரர்' என்று பட்டப்பெயர். அன்று தொலைபேசியில் என்னைப் பிடித்து வைத்திருந்தவர் வேறொரு நிறுவனத்தின் ஆய்வாளர். மூத்தவர், அக்கா என்று கூப்பிடுவேன். அவருடைய கணக்கீடு நாற்பத்தொரு நாளாக எங்கள் இயந்திரங்களில் ஓடிக்கொண்டிருந்தது. மாலை 4:30க்கு முடியும். அந்த நிமிடத்தில் விடையை எழுதி வைக்க இரண்டு டெராபைட் வேண்டும், இருப்பதைப் போல நூறு மடங்கு. இல்லாவிட்டால் நாற்பத்தொரு நாளும் தண்ணீரில் எழுதிய எழுத்து. மாதக் கடைசியில் அவருடைய வேலை ஒப்பந்தமும் முடிகிறது. விடை கையில் இருந்தால் நீட்டிப்பார்கள்.

இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு கோப்புறை. மூன்று டெராபைட். உரியவர் மூன்றாவது ஒரு நிறுவனத்துக்காரர், நான் பார்த்ததில்லை. எங்கள் கூட்டமைப்பில் ஒரு விதி உண்டு. அழிப்பதற்கு முன் மூன்று மின்னஞ்சல் அனுப்புவோம். 'பயன்பாட்டில் உள்ளது' என்று ஒரு வரி வந்தால் தொடமாட்டோம். பதிலே வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம். மூன்றும் அனுப்பியிருந்தேன். பதில் இல்லை. ஆள் எப்படி இருக்கிறார் என்று யாரையும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கும் பழக்கம் எங்களிடம் கிடையாது.

"இடத்தைக் கொடுத்தா மடத்தைப் புடுங்குற ஆளுங்க தம்பி. பாவம் பாக்காம அழிச்சிடு," என்றார் அக்கா.

2:05. அழித்தேன். மூன்று டெராபைட் காலி. சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லி அக்கா போனை வைத்தார்.

2:31. காலியிடம் 2.8. வேறு யாரோ எதையோ எழுதுகிறார்கள் என்று நினைத்தேன்.

2:50. காலியிடம் 2.3. பட்டியலைத் திறந்தேன். அழித்த கோப்புறை அங்கே இருந்தது. உள்ளே கோப்புகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன... அதே பெயர்கள். அதே வரிசை.

யார் நுழைந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். அந்தக் கோப்புறைக்கு உரியவரின் பெயர். பதினான்காம் இயந்திரத்தில், அதன் சொந்த விசைப்பலகை வழியாக.

பதினான்காம் இயந்திரம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதற்கு விசைப்பலகை கிடையாது.

மின்விசிறி இரைச்சலுக்கு நடுவே... டக். டக் டக்.

திரும்பினேன். யாரும் இல்லை.

3:12. அவர் கணக்கைப் பூட்டக் கட்டளை கொடுத்தேன். அப்படி ஒரு கணக்கே இல்லை என்றது திரை. கோப்புறையை மறுபடி அழிக்கப் பார்த்தேன். அனுமதி இல்லை என்றது. அந்த வட்டில் எல்லா அனுமதியும் உள்ளவன் நான் ஒருவன்தான்.

3:20. பதினான்கின் வலையிணைப்புக் கம்பியைப் பிடுங்கினேன்.

3:26. மின்கம்பியையும். விளக்கு அணைந்தது.

டக். டக் டக்.

காலியிடம் 1.4.

4:02. அக்கா அழைத்தார்.

"எவ்ளோ இருக்கு தம்பி?"

சொன்னேன்.

"விளையாடாதே."

"இல்லக்கா. என்னால ஒண்ணும் பண்ண முடியல."



"உன்கூட யாரு இருக்கா? டைப் அடிக்கிற சத்தம் கேக்குதே..."

4:24. மின்னஞ்சல் வந்தது. கோப்புறைக்கு உரியவரிடமிருந்து. ஒரே வரி.

பயன்பாட்டில் உள்ளது.

4:30. பூஜ்யம்.

எட்டு நொடி கழித்து அக்காவின் கணக்கீடு நின்றது. இடமில்லை.

சத்தமும் நின்றது.

மறுநாள் கோப்புறைக்கு உரியவரின் நிறுவனத்துக்குப் பேசினேன். செயலர் எடுத்தார். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது என்றார். பொதுவட்டை வாங்கி, பெட்டியைப் பிரித்து, அந்த அறையில் பொருத்தியவன் நான். அது நடந்து நான்கு வருடம்தான் ஆகிறது.

24ஆம் தேதி கூட்டமைப்பின் குழு கூடியது. பதில் வந்துவிட்டதால் விதிப்படி அந்தக் கோப்புறையைத் தொடக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அக்காவின் கணக்கீட்டை மறுபடி ஓட்ட வட்டில் இடம் ஒதுக்கவில்லை. அவருடைய ஒப்பந்தம் 30ஆம் தேதியோடு முடிந்தது.