ஞாயிற்றுக்கிழமைக் கரப்பான்

எங்கள் சித்தப்பாவுக்கு வீடு வீடாகப் போய்ப் பூச்சிமருந்து அடிக்கிற வேலை. அவரிடம் தப்பிய கரப்பான்பூச்சி கிடையாது. ஆனால் ஒரு ஞாயிறு, சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்ததும், சமையலறையில் ஓடிய ஒன்றை அடிக்கச் சித்தி செருப்பைத் தூக்க, அவர் குறுக்கே வந்து நின்றார்.

“விடு. ஆண்டவர் தான் படைச்சதெல்லாம் நல்லாயிருக்குன்னு பார்த்துட்டு ஏழாம் நாள் ஓய்வெடுத்தாரு. அந்த மீசையப் பாரேன், என்ன அழகு! இன்னிக்கு அதுக்கும் லீவு.”

அதை ஓர் அட்டையில் ஏந்திப்போய் வெளியே விட்டு வந்தார்.

சித்தி செருப்பைக் கீழே போட்டாள். கையோடு கரண்டியையும் வைத்துவிட்டாள்.

“கரப்பானுக்கே லீவுன்னா எனக்கு? என்னையும் அவருதானே படைச்சாரு?”

சித்தப்பா கரண்டியை எடுத்தார். அன்றுமுதல் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குக் குழைந்த சோறுதான். சித்தி மட்டும் கால் நீட்டி உட்கார்ந்து, “நல்லாயிருக்கு” என்று இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.