பதில் சீழ்க்கை

என் வீட்டுக்காரருக்கு வேலை செய்கிற இடத்தில் 'சத்தம்' என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனுஷனுக்கு இந்தப் பெயரை வைத்தவன் நல்ல குறும்புக்காரன்தான்.

ஆனால் காரணம் இருக்கிறது. காற்றாலை மாதிரி ஏதாவது வருவதாக இருந்தால், அனுமதி கேட்பதற்கு முன்னால், பக்கத்து வீடுகளில் இப்போது எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று அளந்து காட்ட வேண்டும். அளக்கிறவர் இவர். முற்றத்தில் ஒரு கம்பியை நட்டு மைக்கைப் பொருத்துவார். காற்று இரையாமல் இருக்க அதற்கு ரோமக் குல்லாய் வேறு. சில வாரம் கழித்துப் பதிவை எடுத்து வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு கடை விரிப்பார். நாய் குரைத்தது, வண்டி போனது, ஆள் பேசியது என்று ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, வெட்டியதற்குப் பக்கத்தில் அது என்ன என்று எழுத வேண்டும். மிச்சம் இருப்பதுதான் அந்த இடத்தின் சொந்த அமைதி. காற்றாலை அதற்கு மேல் எவ்வளவு இரையலாம் என்பதை அதை வைத்து முடிவு செய்வார்கள். அவர் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டால் நான் மிக்ஸியைத் தொடக்கூடாது. சட்னி அரைக்கக்கூட இந்த வீட்டில் எனக்கு அனுமதி வேண்டும்!

இன்னொரு வியாதி, பொய் சொல்ல வராது. என் தங்கை ஆசையாக ஒரு பாட்டுப் பாடி, "எப்படி மாமா?" என்று கேட்டாள். "சுருதி சேரல" என்றார். அவள் அதன் பிறகு ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. இத்தனைக்கும் இவர் குளிக்கும்போது சீழ்க்கை அடிப்பதைக் கேட்க வேண்டும். முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து. ஒவ்வொரு சீழ்க்கையும் கடைசியில் 'உஸ்' என்று காற்றுப் போய்த்தான் முடியும். கேஸ்கெட் போன குக்கர் என்று நான் கேலி செய்வேன்.

மலைமுகட்டில் காற்றாலைகள் வைக்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டது. முகட்டுக்குக் கீழே இருந்த ஒரே வீடு ஒரு தையல்காரியுடையது. தனியாள். இவர் மைக்கை நடுவதைக் கையில் துணியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், தேநீர் கொடுத்துவிட்டுத் தன் தம்பியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். ஆடு மேய்க்கிறவன். ஒரு நாள் மூடுபனியில் முகட்டுக்குப் போனான். ஆடுகள் திரும்பி வந்தன, அவன் வரவில்லை. ஊரே தேடியும் ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

"எங்களுக்குள்ள ஒரு விசில் உண்டு சார். ரெண்டு குட்டை, ஒரு நெட்டை. கடைசிய நல்லா இழுக்கணும். நான் சரியா இழுக்கலேன்னா அவனுக்குப் பொறுக்காது. மேலேருந்து மறுபடி அடிச்சுத் திருத்துவான். இப்பவும் விடியக்காலையில முற்றத்துல நின்னு அடிப்பேன். வழி தெரியாம நிக்கிறானோ என்னமோ."

பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். "இந்தக் காத்தாடி வந்தா, அவன் பதிலுக்கு அடிச்சா எனக்குக் கேக்குமா, கேக்காதா?"

இவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் கேட்கவே வேண்டாம். "கேக்காதும்மா" என்று சொல்லிவிட்டு வந்து, போட்ட சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் மழுப்பித்தான் சொன்னா என்ன? வாய்ல இருந்த பல்லு கொட்டிடுமா?" என்று கத்தினேன்.

பதிவு வந்தது. தினமும் விடியலில் அவள் சீழ்க்கை. இவர் வெட்டுவார், 'மனிதர்' என்று எழுதுவார். அப்புறம் ஒரு மூடுபனிக் காலை. கையசைத்து என்னைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டினார். அவள் சீழ்க்கை கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தொலைவில், மேலே, இரண்டு குட்டை, ஒரு நெட்டை. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எதிரொலியா இருக்கும்" என்றேன்.

"எதிரொலின்னா தினம் வரணும். ஒரே ஒரு நாள் எப்படி வரும்?"

அதற்கும் 'மனிதர்' என்றே எழுதினார். மேலே ஆள் இருப்பதாகப் பதிவானால் அனுமதி இழுக்கும் என்று கம்பெனி மேனேஜர் போனில் குழைந்தார். "பறவைன்னு போட்டுடுங்களேன் சார், யாருக்கு என்ன நஷ்டம்?" இவர் ஒரே பிடியாக மாட்டேன் என்றார்.

விசாரணைக் கூட்டத்துக்கு நானும் போனேன். தையல்காரி முதல் வரிசையில், ஊசி குத்திய விரல்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசாரணை அதிகாரி அந்த இடத்தை மட்டும் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். மேலிருந்து வந்த சீழ்க்கை அந்தப் பெரிய அறையில் கேட்டதும் அவள் எழுந்தாள். விரலை வாயில் வைத்து ஸ்பீக்கரைப் பார்த்துப் பதிலுக்கு அடித்தாள். அதிகாரி உட்பட எல்லோரும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதிலிருந்து வெறும் இரைச்சல்தான் வந்தது. "உக்காருங்கம்மா" என்று அதிகாரி சொன்ன பிறகும் அவள் நின்றுகொண்டே இருந்தாள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஒரு சீழ்க்கைக்காக யார் நிறுத்துவார்கள்? ஒரே நிபந்தனை, காற்றாலைகள் ஓட ஆரம்பித்ததும் அதே முற்றத்தில் மறுபடி அளக்க வேண்டும். அளக்கப் போனவரும் இவர்தான்.

இந்தத் தடவை மூடுபனி இறங்கினால் போதும், விடிவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். "மைக்க பாத்துட்டு வரேன்" என்பார். பொய் வராத வாயாயிற்றே, நானும் நம்பினேன்.

பதிவு மேசைக்கு வந்தது. ஒரு நாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது தட்டை எடுக்க வந்த நான் சும்மா ஹெட்போனை மாட்டிப் பார்த்தேன். இறக்கைகள் காற்றை அறைந்துகொண்டே இருந்தன. அந்தச் சத்தத்துக்கு அடியில் அவள் சீழ்க்கை. உடனே பதில் வந்தது. பக்கத்திலிருந்து, பலமாக, இரண்டு குட்டை, ஒரு நெட்டை. கடைசியில் 'உஸ்'.

இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்குத் தெரியாதா? திரையில் அதற்குப் பக்கத்தில் அவரே எழுதியிருந்தது: 'பறவை'.

குளியலறைக் கதவைப் படபடவென்று தட்டினேன். "பறவையே! வெளிய வா!"

முகத்தில் சோப்போடு, துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"நல்லா இருக்கா இது? தம்பிய பறிகொடுத்தவளைப் போய் ஏமாத்துறீங்களே!"

"கேக்காதுன்னு நான்தானே சொன்னேன்? அது மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதான் மொத நாள் முகட்டுல ஏறி நின்னு அடிச்சேன்."

"அவ நம்பிட்டாளா?"

"எங்க? நேரா மேல ஏறி வந்துட்டாங்க. 'நீங்க கடைசிய இழுக்கல சார், காத்துப் போகுது'ன்னாங்க."

"வேணும். மானம் போச்சா? அப்புறமும் எதுக்குப் போனீங்க?"

"அவங்கதான் நிறுத்தாதீங்க, கீழ முற்றத்துப் பக்கமே நின்னு அடிங்கன்னாங்க."

"ஏனாம்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நீ பாதியில கழட்டிட்டே. முழுசா கேளு."

கேட்டேன். அவள் சீழ்க்கை. இவருடைய 'உஸ்'. இறக்கைகளின் இரைச்சல். பிறகு இன்னும் மேலே, வீடோ பாதையோ இல்லாத பக்கத்திலிருந்து இன்னொன்று. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. கடைசியை நன்றாக இழுத்து, தப்பாக அடித்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பது போல.

நிமிர்ந்தேன். சோப்புக் காய்ந்த முகத்தோடு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். திரையில் அந்தச் சீழ்க்கைக்குப் பக்கத்தில் அவர் எதுவும் எழுதியிருக்கவில்லை.