ஊருக்கா, ரோட்டுக்கா?

ஷேர் ஆட்டோவின் பக்கத் தகட்டை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி, “கொன்றைப்பாக்கம், கொன்றைப்பாக்கம்” என்று கூவிக்கொண்டே, ஏற வருகிறவரின் முன்னால் மறு கையைக் குறுக்கே நீட்டி மறிக்கிறாள் ராஜகுமாரி.

“ஊருக்கா, ரோட்டுக்கா?”

பதில் வந்த பிறகுதான் கை விலகும். காலை ரயிலில் இறங்கி, மஞ்சள் பையோடு படியில் ஒரு காலை வைத்துவிட்ட பெரியவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை.

“கொன்றைப்பாக்கந்தாம்மா. ஸ்டேஷன் போர்டுலயே போட்டிருக்குதே.”

“போர்ட முழுசாப் படிச்சியா நைனா? கொன்றைப்பாக்கம் ரோடுன்னு போட்டுகீது. இது ரோடு. கொன்றைப்பாக்கம் தோ, இப்படியே தெக்கால போயி, ஏரிக்கர தாண்டணும். யார் ஊட்டுக்கு?”

“பேத்தி ஊட்டுக்கு. ஸ்டேஷன் பக்கத்துலயே ஃப்ளாட்டுன்னு சொல்லுச்சி.”

“அப்ப கால கீழ வையி. பாலம் ஏறி அந்தாண்ட எறங்கு. மில்லு ஃப்ளாட்டுன்னு கேளு, காட்டுவாங்க.”

பெரியவர் பாலத்தைப் பார்த்து நடக்க, பின் வண்டியிலிருந்து கோவிந்தராஜின் சிரிப்பு கேட்கிறது. ஸ்டாண்டில் வயதில் சின்னவன், வாயில் பெரியவன்.

“வந்த சவாரிய வாயாலயே தொரத்துறியே அக்கா. ஏத்திகினு போயி, அங்க இல்லன்னு தெரிஞ்சதும் திருப்பி இட்டாந்தா ரெண்டு சவாரி.”

“ஆமாண்டா. அந்த மனுசன் ஏரிக்கர மேல நின்னுகினு பேத்திக்குப் போன் போடணும், நீ பல்ல இளிச்சிகினு பாக்கணும். மூடிகினு வண்டியத் தள்ளிப் போடு.”

ஆவடியைத் தாண்டி மேற்கே போகும் புறநகர் ரயில் நின்று கிளம்புகிற சின்ன நிலையம் இது. நிலையத்துக்கு வடக்கே ஒரு கடைத்தெரு, ரயில்வே குடியிருப்பு, அரிசி ஆலை இருந்த இடத்தில் ஐந்து மாடி ஃப்ளாட்டுகள். தெற்கே ஆட்டோ ஸ்டாண்டு, ஒரு மாவு மில், ஓட்டு வீடுகள், அப்புறம் மனைப்பிரிவின் கொடிக்கம்பங்கள். அவற்றை ஊடறுத்து ஒரு சாலை நேராகப் போய் ஏரிக்கரையில் ஏறி இறங்குகிறது. இறங்கின இடத்தில், தென்னந்தோப்புக்கு நடுவே செல்லியம்மன் கோயிலோடு உட்கார்ந்திருக்கிறது அசல் கொன்றைப்பாக்கம்.

ரயில் ஏன் ஊருக்குள் வராமல் இவ்வளவு தள்ளிப் போனது என்பதற்கு இரண்டு தரப்பிலும் கதை உண்டு. எஞ்சின் பொறி பறந்து வைக்கோற்போர் எரியும் என்று தங்கள் முன்னோர் வெள்ளைக்காரனைத் தடுத்துவிட்டதாக ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். ஏரி மதகுக்குப் பயந்து இன்ஜினியரே ஒதுங்கிக்கொண்டார் என்பது ரோட்டுக்காரர்களின் கட்சி. ராஜகுமாரிக்கு இரண்டிலும் நம்பிக்கை கிடையாது. “அவன் ஸ்கேல் வெச்சி ஒரு கோடு போட்டான். ஊருக்குக் கோயில் கீது, தோப்பு கீதுன்னு ஸ்கேலு வளையுமா?” என்று முடித்துவிடுவாள். மூன்றில் எது உண்மை என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அவளுடையதில் ஜம்பம் குறைவு என்று மட்டும் சொல்லலாம்.

கோடு விழுந்த இடத்தில் நிலையம் வந்தது. கொன்றைப்பாக்கத்துக்குப் போக வேண்டியவர்கள் இங்கே இறங்க வேண்டும் என்பதால் அப்படி ஒரு பெயர் வைத்தார்கள். இறங்கினவர்களை நம்பி ஒரு டீக்கடை, கூட்ஸ் ஷெட்டில் நெல் மூட்டை ஏற்ற ஆட்கள், அவர்களுக்குக் குடிசைகள், பிறகு அரிசி ஆலை, ஆவடியில் தொழிற்சாலைகள் வந்ததும் அங்கே வேலைக்குப் போகிற குடும்பங்கள், கடைசியாக மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து கடனில் ஃப்ளாட் வாங்கிய கணினிக்காரர்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே செத்தவர்களே இரண்டு மூன்று தலைமுறை இருப்பார்கள். ஆனாலும் பெயர் இன்னோர் ஊருக்கு வழிகாட்டிக்கொண்டுதான் நிற்கிறது. ஒரு மனிதனுக்கு அப்படிப் பெயர் வைத்தால், அவன் வாழ்நாளெல்லாம் யாரோ ஒருவரைத் தேடி வந்தவர்களுக்கே பதில் சொல்லிக்கொண்டிருப்பான். ஊருக்கு மட்டும் அது உறைக்காது என்று எப்படிச் சொல்வது?

ராஜகுமாரியின் தாத்தா திண்டிவனம் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்தவர். அப்பா அரிசி ஆலையில் இருந்தார். இவள் ஆட்டோ ஓட்டுகிறாள். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, கழுத்தில் ஈரத்துண்டு. பொறுமைசாலி என்று சொல்வதற்கில்லை; எட்டுப் பேர் ஏறும் வண்டியில் ஒன்பதாவது ஆளுக்கு இடம் இருப்பதாக எட்டுப் பேரையும் திட்டியே நம்பவைப்பாள். சில்லறை இல்லாதவர்களை அவள் பார்க்கும் பார்வையை யாரும் இரண்டாம் முறை வாங்க விரும்புவதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும், ஆட்களை இறக்குவதற்கு முன்பே வண்டியைத் திருப்பிவிடுவாள். வண்டியின் மூக்கு ரோட்டைப் பார்த்து நின்றால்தான் அவள் கால் தரையில் படும். இத்தனை வருடத்தில் ஊரில் ஒரு டீ குடித்ததில்லை. ஏன் என்று கேட்டால், “சூடா இருக்காது” என்பாள்.

ஆடித் திருவிழாவைப் பற்றிக் கேட்டால்தான் நிஜமான பதில் வரும்.

“ஊர்க்காரன் குடுத்தா அது வரி. நம்ம குடுத்தா நன்கொட. எங்க நைனா ஒரு தபா வரி கட்டறேன்னு போயி நின்னாரு. வாங்கிகினாங்க, இல்லேன்னு சொல்லல. நன்கொடன்னு வாங்கிகினாங்க. வரி குடுத்தவன் ஊட்டு வாசல்ல அம்மன் நிக்கும். நன்கொட குடுத்தவன் பேர மைக்குல சொல்லுவாங்க. எங்க நைனா பேர நல்லா சத்தமாத்தான் சொன்னாங்க.”

அவள் மகள் கிருஷ்ணப்பிரியா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். சென்ற வருடம் ஒரு வரன் வந்தது. பெண் பிடித்தது, வேலை பிடித்தது. சொந்த ஊர் எது, ஊரில் உங்களுக்கு என்ன உரிமை, திருவிழாவில் யார் யார் பங்காளிகள் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். ரோட்டில் பங்காளிக்கு எங்கே போவது? ‘ஸ்டேஷன நம்பி வந்த ஜனம், எங்கெங்கிருந்து வந்துச்சோ’ என்று தரகரிடம் சொல்லிவிட்டு அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ராஜகுமாரி அதை ஸ்டாண்டில் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் சில்லறை இல்லாதவர்கள் பாடு திண்டாட்டமாயிருந்தது.

அடுத்த வரனைத் தரகர் அழகேசன் போனில் கொண்டுவந்தார். பாடியில் குடும்பம்; பையன் சரண் அங்கேயே ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். “ஊரு இன்னான்னு சொல்றதும்மா?” என்று அழகேசன் கேட்டபோது, “கொன்றைப்பாக்கம்” என்றாள். அடுத்த சொல் நாக்கு நுனிவரை வந்தது. தினமும் நூறு பேரிடம் சொல்கிற சொல். அதை அப்படியே விழுங்கினாள்.

பக்கத்தில் உட்கார்ந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்த கணவர் திருவேங்கடம் நிமிர்ந்து பார்த்தார். ஆவடியில் ஒரு கேன்டீனில் வேலை. அதிகம் பேசுகிறவர் அல்லர். “ரோடுன்னு சொல்லல?”

“ஸ்டேஷன்ல எறங்கினா நம்ம ஊடுதான. நீ போயி இட்டாரப் போற. அவங்க எதுக்கு ஏரிக்கர வரிக்கும் போவப் போறாங்க?”

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அப்பா ஹேமநாதன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டிக்குக் காத்திருப்பதைவிட வண்டியைக் காத்திருக்கவைப்பது பாவம் என்று நினைக்கும் மனிதர். கொரட்டூரில் கிடைத்த முதல் ரயிலிலேயே மனைவியையும் மகனையும் ஏற்றிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். திருவேங்கடம் வீட்டில் சவரம் செய்துகொண்டிருந்தார். ராஜகுமாரி பட்டுப் புடவையில் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். ஸ்டாண்டில் கோவிந்தராஜ் மட்டும் இருந்தான்.

“கொன்றைப்பாக்கம் போவுமாப்பா?”

“ஏறு சார்.”

அன்றைக்கு அவர்கள் முன்னால் கையை நீட்டி மறிக்க ஸ்டாண்டில் ஆளில்லை.

போன் வந்தபோது கேசரி அடிபிடிக்கிற நேரம். “இன்னாமா, உங்க ஊரு கோயில் வாசல்ல நிக்கிறோம். திருவேங்கடம் ஊடுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. ராஜகுமாரின்னு சொன்னா, அது ரோடாச்சேங்கறாங்க. ரோடுன்னா இன்னாமா?”

மகள் சமையலறை வாசலில் நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்தது. “இன்னாமா?” என்றாள். ராஜகுமாரி கரண்டியை அவள் கையில் கொடுத்தாள். பட்டுப் புடவைக்கு மேலேயே காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

கோயில் வாசலில் இருந்த கூட்டம் பெரிய கூட்டமல்ல. வேப்பமரத்து மேடையில் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர், நடுவில் கோயில் காரியங்களைப் பார்க்கும் வீரராகவன். எதிரே நிழலில்லாத இடத்தில் மாப்பிள்ளை வீட்டார். ராஜகுமாரி வழக்கம்போல வண்டியை முதலில் திருப்பினாள். பிறகு இறங்கினாள்.

“வாம்மா,” என்றார் ஹேமநாதன். குரலில் கோபத்தைவிடக் குழப்பம் அதிகம் இருந்தது. “ஐயப்பன்தாங்கல் டிப்போவுல முப்பது வருசம் கண்டக்டரா இருந்தவன் நானு. ஸ்டேஜ் தப்பா சொல்லி ஏறின எத்தினியோ பேர எறக்கி வுட்டுகீறேன். இன்னிக்கி என்னிய எறக்கி வுட்டுட்டாங்க. நீ கொன்றைப்பாக்கம்னுதான சொன்ன?”

மேடையில் யாரோ சிரித்தார்கள். சரண் தலையைக் குனிந்து போனைப் பார்த்தான். அவன் அம்மா கன்னியம்மாள், ராஜகுமாரியின் பட்டுப் புடவைக்கு மேல் இருந்த காக்கிச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜகுமாரி தலை குனிந்து காக்கிச் சட்டையின் பொத்தானைப் போட ஆரம்பித்தாள். அவளை அப்படிப் பார்த்து வீரராகவனுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. அவர் மனைவிக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆவடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இந்த வண்டிதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“சார், அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ரோடும் கொன்றைப்பாக்கந்தான். எல்லாம் ஒரே ஊரு. இது நம்ம ஊரு பொண்ணு, நான் சொல்றேன்.”

இந்தச் சொல்லைக் கேட்கத்தான் அவள் அப்பா ஒருநாள் சட்டைப் பையில் வரியோடு இதே வாசலில் வந்து நின்றார். இப்போது அது ஊர்க்காரர் வாயாலேயே, நாலு பேர் காதில் விழும்படி வந்துவிட்டது. தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். மகளுக்கு ஓர் ஊர் கிடைத்துவிடும். வீரராகவன் கெட்ட மனிதரல்லர். நல்ல மனதோடுதான் கொடுத்தார். இந்த முறை நன்கொடை கொடுத்தவர் அவர்.

ராஜகுமாரி அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு மாப்பிள்ளை வீட்டாரிடம், “ஏறுங்க” என்றாள்.

மூவரும் ஏறி உட்கார்ந்தார்கள். “இப்ப எங்கம்மா போறோம்?” என்று பின்னாலிருந்து கேட்டார் ஹேமநாதன்.

அவள் தன் இடத்தில் உட்கார்ந்து, கையை வெளியே நீட்டி, பக்கத் தகட்டை இரண்டு தட்டு தட்டினாள். தினமும் திரும்பும்போது கூவுகிற அதே குரலில், கோயில் மதிலில் மோதி எதிரொலிக்கும்படி கூவினாள்.

“ரோடு! ரோடு! ரோடு!”

மேடையில் வீரராகவன் மெல்ல உட்கார்ந்தார்.

குரல் கேட்ட பழக்கத்தில், கோயிலை ஒட்டிய சந்திலிருந்து முருங்கைக்கீரைக் கட்டோடு ஒரு பெண் ஓடிவந்தாள். “இரு ராஜி, நானும் வரேன்.” படியில் ஒரு காலை வைத்த பிறகுதான் உள்ளே சரிகைப் புடவையும் வெள்ளை வேட்டியும் இருப்பதைப் பார்த்தாள். காலை எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல் அப்படியே நின்றாள். மறிப்பதற்காக ராஜகுமாரியின் கை பாதிவரை நீண்டுவிட்டது.

கன்னியம்மாள் பக்கத்து சீட்டில் வைத்திருந்த பூ, பழப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கணவரை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு, உள்ளே நகர்ந்து உட்கார்ந்தார்.