நசரத்பேட்டை மண்டபத்தில் எனக்கு அஞ்சலி

ரீட்டா, ஜெரோம், போன ஞாயிற்றுக்கிழமை அப்பா ஓவர்டைம் போனேன் என்று உங்களிடம் சொன்னது பொய். உங்கள் டேவிட் அண்ணன் ராப் பாடும் போட்டியைப் பார்க்க நசரத்பேட்டைக்குப் போயிருந்தேன். "வராதப்பா, கூச்சமா இருக்கும்" என்று அவன் சொல்லியிருந்தான். அதனால் திருட்டுத்தனமாகப் போனேன். நீங்கள் அந்த இடத்தைப் பார்த்ததில்லை என்பதால் எழுதுகிறேன். அண்ணனிடம் காட்ட வேண்டாம்.

காலை 11.10க்குத் திருநின்றவூரில் மின்சார ரயில். ஆவடிக்கு ஐந்து ரூபாய். அங்கிருந்து பூந்தமல்லிக்குப் பேருந்தில் பதினைந்து ரூபாய், முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே போனேன். பிறகு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"இன்னா அண்ணாத்தே, மண்டபத்துல கல்யாணமா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லீங்க, ராப் பாட்டுப் போட்டி."

"அந்தப் பசங்களா! காலைலேர்ந்து இட்டுகினு போறேன். ஒருத்தன் கழுத்துல கீற சங்கிலியக் கட்டி லாரியவே இழுக்கலாம்."

மதியம் 1.30. கல்யாண மண்டபத்தின் விளக்குகளையெல்லாம் அணைத்திருந்தார்கள். அந்த இருட்டிலும் பாடுகிறவர்கள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. வெளியே வெயில் கொளுத்துகிறது, இவர்கள் குளிருக்குப் போடுகிற ஜாக்கெட்டில் நிற்கிறார்கள். ஒரு கையில் மைக், இன்னொரு கையில் நழுவும் பேன்ட். ஒவ்வொருவனும் ஒரு ஏரியாவுக்கு ராஜா. மூன்று நாள் பட்டினி கிடந்ததாகப் பாடிய ஒரு பையன், இறங்கியதும் நேராக பப்ஸ் வாங்கப் போனான். பாட்டில் ஒரு கொடுமை இருந்தால்தான் கூட்டம் கத்துகிறது. இல்லாதவனைக் கேட்க ஆளில்லை.

முதல் பரிசு, ஸ்டுடியோவில் ஒரு பாட்டை இலவசமாகப் பதிவு செய்து தருவது. அதற்காகத்தான் அண்ணன் இரண்டு வருடமாக மொட்டை மாடியில் கத்திக்கொண்டிருக்கிறான்.

2.45க்கு அவனை அழைத்தார்கள். மேடையில் அவன் பெயர் 'எம்சி சுடுகாடு'. காலையில் நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டைதான் போட்டிருந்தான்.

"அப்பன் குடிச்சான், ஆத்தா அழுதா,
செத்தான் ஒருநாள் சாக்கடை ஓரம்..."

நான் ஒரு சொட்டு தொட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் தையல் மெஷினில் உட்காரும் உங்கள் அம்மா பத்து வீட்டில் பாத்திரம் தேய்த்தாளாம். நடுவராக இருந்த பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த ஒருவர் என் தொடையைத் தட்டி, "பாவம்பா, அப்பன் இல்லாத புள்ள, இன்னாமா பாடுது பாரு" என்றார்.

பாட்டு முடிந்ததும் தொகுப்பாளர் மேடைக்கு ஓடி வந்தார். "செத்துப்போன அந்த அப்பாவுக்காக எல்லாரும் எந்திரிச்சு போன் லைட்டத் தூக்குங்க!"

கூட்டம் எழுந்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

"எந்திரி அண்ணாத்தே," என்றார் பக்கத்து ஆள். "சாவுக்கு மரியாதை குடு. நீயும் ஒரு அப்பன்தானே?"

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவனுக்குப் பரிசு போயிருக்கும். எழுந்து நின்றேன். லைட்டையும் போட்டேன். கை வலித்தது, ஆனாலும் இறக்கவில்லை. அண்ணன் எங்கள் வரிசைப் பக்கம் திரும்பினான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் என்னைப் பார்த்தானா என்று இன்றுவரை தெரியாது.

முதல் பரிசு அவனுக்குத்தான். பெயரைச் சொன்னதும் காலியாகக் கிடந்த பந்திக் கூடத்தின் வழியாக வெளியே வந்துவிட்டேன்.

திரும்பும் பேருந்தில் ஒன்றையே யோசித்துக்கொண்டு வந்தேன். பிள்ளைகள் பட்டினி தெரியாமல் வளர வேண்டும் என்றுதான் அம்பத்தூர் கம்பெனியில் இத்தனை வருடம் ஷிப்ட் பார்த்தேன். நம் வீட்டில் பாடுகிற அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அது அவனுக்குக் குறையாகப் போய்விட்டது.

5.40. ஆவடி நடைமேடையில், ரயில் வர இன்னும் நேரமிருந்தது. ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்து போனைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் பாடியதை நெட்டில் போட்டுவிட்டிருந்தார்கள். அப்பாவின் ஆன்மா சாந்தியடையட்டும் என்று கீழே நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். என் கணக்கின் முகப்பில், நானும் அவனும் தோளில் கை போட்டு நிற்கும் படம் இருந்தது. முதலில் அந்தப் படத்தை நீக்கினேன். பிறகு பாட்டுக்கு லைக் போட்டேன்.