முன்பு இருந்தவர் ஏன் போனார்?

வாசுகி இறந்த செய்தி வந்தபோது, ஷோர்டிச்சில் ஓர் ஆடை நிறுவனத்தின் வரவேற்பறையில், உட்காருவதற்கென்று செய்யப்படாத ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நேர்முகத்துக்கு வந்த பெண்கள் எல்லாரும் கறுப்பு உடுத்திருந்தோம். தனித்துவம் உள்ளவர்கள் தேவை என்று விளம்பரம் போட்டால் எங்கள் துறையில் எல்லாரும் ஒரே மாதிரித்தான் வந்து நிற்போம். வாசுகியின் தம்பி கஜன் அழைத்தான். "அக்கா மோசம் போயிட்டா" என்றான். காலையில் வேலைக்குப் புறப்பட்டவள் தங்கள் ஊரான மிச்சத்தின் ட்ராம் நிலையத்தில் விழுந்திருக்கிறாள். மூளையில் இரத்தக் கசிவாம்.

நேர்முகத்துக்குள் போகாமலே எழுந்து வந்துவிட்டேன். அடுத்த கிழமை அந்த நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. என்னுடன் உரையாடியது அவர்களுக்குப் பெரும் மகிழ்ச்சியாம். ஆனால் இம்முறை வேறொருவரைத் தெரிவு செய்துவிட்டார்களாம். அதை வாசித்துக் காட்டி வயிறு நோகச் சிரிக்க வாசுகி இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குத்தான் அழுதேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி அவளுடைய அம்மா கேட்டார். "நல்லதா நாலு வரி எழுது பிள்ளை" என்றார். நல்லதாக எழுதலாம், ஆனால் அது வாசுகியைப் பற்றியதாக இருக்காது. அவள் வாய் அப்படி. முதலாம் ஆண்டில் நான் உயிரைக் கொடுத்துத் தைத்த கவுனைப் பார்த்துவிட்டு, "துணி நல்ல துணி. சன்னலுக்குப் போட்டால் வடிவா இருக்கும்" என்றவள். எனக்கு ஒரு வருடம் முன்னால் படித்தாள். அன்றிலிருந்து எங்களுக்குள் நட்பு.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் சிலர், அவள் ஆடை வடிவமைப்புப் படிக்கப் போனபோது "தையல் பழகவும் யூனிவர்சிட்டியோ?" என்று கேட்டவர்கள். செத்தவீட்டில் அதே வாய்கள் அவளைப் பெரிய டிசைனர் என்றன. எங்கள் சனத்திடம் பதவி உயர்வு வாங்குவதற்கு அவள் சாக வேண்டியிருந்தது. உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும். அவள் இருந்திருந்தால் இதைவிடக் கூடவே சொல்லியிருப்பாள்.

அவளுடைய முதலாவது நேர்முகத்தை அவள் நடித்துக் காட்டுவாள். எங்கள் துறையில் மாதிரிச் சட்டையை யாராவது போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு மாடலை அழைத்தால் செலவு. ஆகவே வடிவமைப்பு உதவியாளர் தேவை என்று விளம்பரம் போட்டு, வருகிற பெண்ணின் இடுப்பளவை விசாரிப்பார்கள். மூன்று வருடப் படிப்பையும் முதுகு ஒடியச் செய்த வடிவமைப்புக் கோப்பையும் புரட்டிப் பார்க்காமல், நேர்முகம் கண்ட மனிதர் வாசுகியை எழுந்து ஒருமுறை திரும்பச் சொன்னாராம். அவள் எழுந்தாள், திரும்பினாள், அப்படியே கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டாள். "நான் சட்டை வெட்ட வந்தனான். சட்டை கொழுவுற கம்பியா நிக்க வரேல்லை" என்று ட்ராமில் வைத்துச் சொன்னாள். அடுத்த இருக்கைக்காரர் பேப்பரைத் தாழ்த்தி எங்களைப் பார்த்தார்.

இன்னோர் இடத்தில், ஐந்து வருடத்தில் உன்னை எங்கே காண்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நாங்கள் எல்லாரும் பாடமாக்கி வைத்திருக்கும் பதில் ஒன்று உண்டு. கற்றுக்கொண்டு, வளர்ந்து, பொறுப்புகளை ஏற்று என்று போகும். வாசுகி, "மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து இதே கேள்வியைக் கேட்கிற ஆளாக மட்டும் இருக்கக் கூடாது" என்றாளாம். வேலை கிடைக்கவில்லை.

கடைசியில் அவளை எடுத்த நிறுவனத்தில் வேலை செய்பவர்களைக் குடும்பம் என்றுதான் சொல்வார்கள். கிண்ணத்தில் பழம் இருக்கும், சுவரில் பொன்மொழி இருக்கும், ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கும். "மிச்சத்தில மாமாவின்ரை கடையிலயும் குடும்பம் எண்டு சொல்லித்தான் என்னைப் போட்டு முறிச்சவை. அங்க மத்தியானம் சோறாவது தந்தவை" என்பாள். அவளுடைய நோய்க்கும் அந்த வேலைக்கும் முடிச்சுப் போட எனக்கு மருத்துவம் தெரியாது. அவள் களைத்திருந்தாள் என்பது மட்டும் தெரியும்.

பிறகு ஏன் அங்கே சேர்ந்தாள் என்று கேட்பீர்கள். நேர்முகம் முடியும்போது, எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். நாங்கள் நிறுவனத்தின் விழுமியங்களைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டு, சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவோம். வாசுகி எல்லா இடத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்: எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவர் ஏன் போனார்? அதற்கான விளக்கத்தையும் எனக்குச் சொல்லியிருக்கிறாள். "பதிலை விடு, எல்லாரும் பொய்தான் சொல்லுவினம். முகத்தைப் பார். முகம் மாறினால் அங்க கொஞ்சமாவது மனிசர் இருக்கினம், போகலாம். மாறாட்டி பையைத் தூக்கு."

அந்த இடத்தில் அவளை நேர்முகம் கண்டவர் துணி வெட்டும் பகுதியின் வயதான தலைவர். கேள்வியைக் கேட்டதும் நிலத்தைப் பார்த்து, அந்தப் பிள்ளை களைத்துப் போய்விட்டாள் என்று உண்மையையே சொல்லியிருக்கிறார். அவரை நம்பித்தான் வாசுகி சேர்ந்தாள். சில மாதங்களில் அவரும் ஓய்வு பெற்றுவிட்டார்.

இறுதிக் கிரியைக்கு அந்த நிறுவனத்தின் மேலாளர் அம்மணி வந்திருந்தார். மலர்வளையத்து ரிப்பனில் வாசுகியின் பெயரைவிட நிறுவனத்தின் சின்னம் பெரிதாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் குடும்பத்தில் ஒருத்தியை இழந்துவிட்டோம் என்று அழுதார். உண்மையான கண்ணீர்தான். அழுதுகொண்டே என் வெள்ளைச் சேலையின் கரையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்து, துணி என்ன ரகமென்று பார்த்தார். வாசுகி, உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி எனக்குச் சிரிப்பு வந்தது. யாரிடம் சொல்வது?

சாம்பல் ஆறமுதலே அவளுடைய இடத்துக்கு விளம்பரம் வந்தது. நான் விண்ணப்பித்தேன். காரணம் எளிது. இறுதியாண்டு முடிகிறது, போன இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். அப்பா தவணை சொல்லிவிட்டார். "இந்த சமர் லீவுக்குள்ள உன்ரை லைனில ஒரு வேலை எடு. இல்லாட்டி சித்தப்பாவின்ரை ஒபிசுக்குப் போ, நான் இனிக் கதைக்க மாட்டன்." சித்தப்பா மனோர் பார்க்கில் கணக்காளர். சிறு வயதிலிருந்து நான் ஓடித் தப்பிய இடம் அது. எனக்கு அந்த வேலை வேண்டும். வேறு வழி இருக்கவில்லை.

நேர்முகம் கண்டவர் அதே அம்மணி. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போயிருந்தால் ஒருவேளை கண்டுபிடித்திருப்பார். என் வடிவமைப்புக் கோப்பை இரசித்துப் புரட்டினார், இடுப்பளவைக் கேட்டார், சொன்னேன். எப்போது தொடங்கலாம் என்று கேட்டார். கைக்கு எட்டிவிட்டது என்று தெரிந்தது. பிறகு, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

வாய் தானாகக் கேட்டது. எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவர் ஏன் போனார்?

"அவர் வேறு வாய்ப்புகளைத் தேடிப் போய்விட்டார்" என்றார் அம்மணி. "அவருக்கு எங்கள் நல்வாழ்த்துகள்."

வாசுகி சொன்னபடி முகத்தைப் பார்த்தேன். நெற்றி சுருங்கவில்லை, கண் தாழவில்லை, புன்னகை இருந்த இடத்திலேயே இருந்தது. "அவள் இறந்துவிட்டாள். நீங்கள் என் கையைப் பிடித்து அழுதீர்கள்" என்றேன். அதற்கும் அந்த முகம் மாறவில்லை. இந்த அசௌகரியத்துக்கு வருந்துவதாகச் சொன்னார். நான் பையைத் தூக்கினேன்.

வாசுகியின் கத்தரிக்கோலும் தைத்து முடியாத சட்டைகளும் அவளுடைய அம்மாவிடம் இருக்கின்றன. அங்கேயே இருக்கட்டும். எனக்கு இந்தக் கேள்வி போதும்.

அடுத்த நாள் சித்தப்பாவின் ஒபிசுக்குப் போனேன். தேநீர் தந்தார். எனக்கு முதல் இருந்த பிள்ளை ஏன் போனவ என்று அவரிடமும் கேட்டேன். சித்தப்பாவின் முகம் கறுத்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒருநாள் எல்லாருக்கும் முன்னால கத்திப்போட்டன், பிள்ளை. அழுதுகொண்டு போனவ. என்ரை பிழைதான்."

திங்கட்கிழமை வாறன் என்றேன்.